தோலுரித்த வரலாறு

மனித உடம்பின் உறுப்புக்களுள் பெரியது எது என்று கேட்டால், வயிறு என்பாரும் உளர். மூளை என்பாரும் உளர். இரண்டும் அல்ல. மேனி முழுவதையும் போர்த்து நிற்கும் தோலே உடம்பின் மிகப் பெரிய உறுப்பு. அரசர் வரலாறு படிக்கின்றோம்; போர் வரலாறு படிக்கின்றோம். நம் தோலின்மேல் நிகழ்ந்த வரலாற்றை மட்டும் நாம் படிப்பதில்லை. நானும் படித்தவன் அல்லேன். ஒரு பிழையே என்னைப் படிக்க வைத்தது. அப்பிழை என்னுடையது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கிராணி வேலை பார்க்கின்றேன். கொழுந்தின் நிறை குறிப்பதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் என் கடமை. எழுதப்படாத கடமை ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் எது வந்தாலும் லயத்து மக்கள் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைப்பார்கள். "ஐயா, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்பார்கள். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையைச் சொன்னால், என் எண்ணமும் அப்போது அதுவாகவே இருந்தது.

திருமணம் நிச்சயமான பெண் ஒருத்தி ஒருநாள் சிறிய களிம்புக் குப்பி ஒன்றைக் கொண்டு வந்தாள். பழைய தோலை உரித்துப் புதிய வெள்ளைத் தோலைத் தரும் என்று மேலே பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. செய்தவர் பெயர் இல்லை. செய்த ஊர் இல்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. "பூசலாங்களா ஐயா?" என்று கேட்டாள். நான் கணக்கிலே கண்ணாயிருந்தேன். "வாசனைக் களிம்புதானே அம்மா, பூசிக்கொள்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு வாரம் அவள் முகம் பளபளத்தது. லயம் முழுதும் அதே பேச்சு. மூன்றாம் வாரம் கன்னம் சிவந்து எரிந்தது. வெயிலில் நின்றபோது தோல் உரிந்தது. உரிந்த இடம் கறுத்தது. அரசாங்க மருத்துவமனையின் வைத்தியர் களிம்பை நிறுத்தச் சொன்னார். அவள் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். முகத்திற் பூசிய களிம்புக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு? எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு தொடங்கிற்று என் படிப்பு. அதன் பயனை வாசகர்கள் முன் வைக்கின்றேன்.

தோலின் மேற்பாகத்தைத் தேய்த்தோ, கரைத்தோ, சுட்டோ அகற்றி, அடியிலிருந்து புதுத்தோல் எழச் செய்யும் முறை மிகப் பழமையானது. கி.மு. 1550 அளவில் எகிப்தில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுருளில், மேனியைச் செம்மைப்படுத்தச் சலவைக்கல் போன்ற ஒருவகை வெண்கல்லின் பொடி, உவர்மண் உப்பு, தேன் இவற்றைக் கலந்து பூசும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பாட்டியர் பயற்றமாவு தேய்த்ததும், பீர்க்கங்கூட்டால் முதுகு உரைத்ததும், புளித்த தயிரை முகத்திற் பூசியதும் இவ்வகையைச் சேர்ந்தனவே. தோலின் மேலடுக்கு இறந்த அணுக்களால் ஆயது. அடியில் பிறக்கும் அணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறக்குறைய 4 வாரம் ஆகிறது. உதிரவேண்டியதைச் சற்று விரைந்து உதிர்ப்பதே பயற்றமாவின் தொழில். தயிரின் புளிப்பிலுள்ள லாக்டிக் அமிலம் அவ்வணுக்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. இவ்வமிலத்தைப் புளித்த பாலிலிருந்து 1780-இல் பிரித்தெடுத்தவர் சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்னும் இரசாயன அறிஞர். பிரித்துக் காட்டியவர் அவர். பயன் அறிந்திருந்தவர் நம் பாட்டியர்.

இது மேலோடு நிற்கும் வேலை. ஆழ உரிக்கவேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு எதனால் உண்டாயிற்று? அழகின் ஆசை ஒன்று. அம்மைத் தழும்பு மற்றொன்று. பெரியம்மை பரவிய காலத்தில் ஊர்தோறும் குழி விழுந்த முகங்கள் இருந்தன. தெய்வத்தின் சினம் என்று வேப்பிலை கட்டிக் கைகூப்பி நின்றோம். 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசுவம்மைப் பால் குத்தி அந்நோயைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802 ஜூன் 14-இல் பம்பாயில் ஒரு சிறு பெண்குழந்தைக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி கண்ட முதல் குத்தல் அதுவே. 1980-இல் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தழும்பைத் தேய்க்க முயன்றோர் ஆயிரவர். தழும்பே தோன்றாமற் செய்தது ஓர் ஊசிமுனை. எத்தனை கோடி முகங்களை அது காத்தது! முகப்பூச்சு வாணிகர் எவரும் செய்யாத அழகுப்பணி அது.

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் மருத்துவம் தனித் துறையாக வளர்ந்தது. வியன்னா நகரில் ஹெப்ரா என்பார் முகத்து மங்கையும் புள்ளிகளையும் அரிக்கும் மருந்துகளால் நீக்க முயன்றார். ஹாம்பர்க் நகரத்து உன்னா 1882-இல் சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை தோலை உரிக்கும் திறத்தை விளக்கி எழுதினார். இன்றும் வைத்தியர் மேசையில் இருக்கும் உரிப்பு மருந்துகளுட் பல இவையே. ஆனால் பீனால் இரத்தத்திற் கலந்தால் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். வைத்தியம் கல்லாத ஒப்பனைக்காரர் சிலரும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதனை இரகசிய மருந்தென்று விற்றுப் பிழைத்தனர். பெயரில்லாக் குப்பி இன்று தோன்றியதன்று என்பது இதனால் விளங்கும்.

1905-இல் பெர்லினில் குரோமயர் என்னும் வைத்தியர், பல் வைத்தியரின் சுழல் கருவியிற் சிறு அரத்தைப் பொருத்தித் தழும்புகளைத் தேய்த்தார். அவர் கண்ட உண்மை ஒன்று பொன்போன்றது. ஓர் எல்லைக்கு மேலே நிற்கும் காயம் வடுவின்றி ஆறும். அதற்குக் கீழே சென்ற காயம் வடுவாகும். காரணம் என்ன? மயிர்க்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பிகளின் அடியிலும் தோலணுக்களின் விதைகள் உள்ளன. அவை மிஞ்சினால் புதுத்தோல் அவற்றினின்று தளிர்க்கும். அவையும் அழிந்தால் தழும்பு ஒன்றே விளையும். 1947-இல் அமெரிக்க வைத்தியர் ஐவர்சன், வெடிவிபத்தில் முகத்திற் புதைந்த கரித்துகள்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுத்தார். 1953-இல் நியூயார்க்கில் கர்ட்டின் கம்பித் தூரிகையைச் சுழலவிட்டார்.

தேயிலை மலையில் உள்ளோர்க்கு இது புதிய பாடம் அன்று. செடி முதிர்ந்தால் கவாத்து வெட்டுகிறோம். வெட்டிய செடி தளிர்க்கும் என்று அறிவோம். ஆயினும் கண்டபடி வெட்டுவதுண்டா? வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று அயோடின் தடவிப் பார்த்தபின் வெட்டுவது தேயிலைச் சாகுபடியில் உள்ள வழக்கம். சத்தில்லாத செடியை ஆழ வெட்டினால் தளிராது, பட்டுப்போகும். ஒரு செடிக்குக் காட்டும் அறிவை நாம் முகத்திற்குக் காட்டுகிறோமா?

இனி ஒளியின் கதை. ஒளியைத் தூண்டிப் பெருக்கலாம் என்னும் கொள்கையை 1917-இல் ஐன்ஸ்டீன் உரைத்தார். 1960-இல் அமெரிக்காவில் மைமன் முதல் லேசர் கருவியை இயக்கினார். 1964-இல் கரியமிலவாயு லேசரைக் கண்டவர் குமார் பட்டேல். அவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியிற் பிறந்தவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அவ்வொளி நீரில் விரைந்து உறிஞ்சப்படும். தோலில் நீர் நிறைந்திருப்பதால், ஒளி பட்ட மெல்லடுக்கு நொடியில் ஆவியாகும். 1990-களில் முகத்தோல் புதுப்பிக்க இது பெரிதும் கையாளப்பட்டது. முகம் முழுதையும் ஒரே சீராகச் சுட்டதால் புண் ஆறப் பல நாள் சென்றது. 2004-இல் மான்ஸ்டீன், ஆண்டர்சன் முதலானோர் வேறு வழி கண்டனர். தோலைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு, இடையிலுள்ள தோலைத் தொடாது விட்டனர். தொடாத தோல் தொட்ட இடத்தை விரைந்து ஆற்றிற்று. கவாத்து வெட்டும்போது செடி மூச்சுவிட ஒன்றிரண்டு கிளைகளை வெட்டாது விடும் தோட்டத்தார் இதைக் கேட்டால் புன்முறுவல் செய்வர்.

மருந்து முறையும் வளர்ந்தது. 1974-இல் பிலடெல்பியாவில் வான் ஸ்காட், யூ என்னும் இருவர், மீன்செதில் போலத் தோல் தடித்து வெடிக்கும் நோய்க்குப் பழ அமிலங்களைப் பூசி நலங்கண்டனர். கரும்பிலிருந்து கிடைக்கும் கிளைக்காலிக் அமிலம் இவ்வினத்தது. நோயாளிக்கென வந்த மருந்து, சில ஆண்டுகளில் நலமுள்ளோரின் ஒப்பனை மேசைக்குச் சென்றது. அதே பிலடெல்பியாவில் வேறொரு வரலாறும் உண்டு. ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கிளிக்மன் என்னும் தோல் வைத்தியர் கைதிகளின் முதுகிலும் கையிலும் பற்பல மருந்துகளைச் சோதித்தார். இன்று பருவுக்கும் சுருக்கத்திற்கும் புகழ்பெற்ற டிரெட்டினாயின் ஆராய்ச்சியும் அச்சுவர்களுக்குள் நடந்தது. அக்கைதிகளிற் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2022-இல் பிலடெல்பியா நகர ஆட்சி அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஒருவன் தோல் புண்ணாயிற்று; மற்றொருவன் தோல் மென்மையாயிற்று. எளியவன் உடம்பு எப்போதும் சோதனைக்களமாகிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஈண்டு நாம் நின்று நோக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. 1975-இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் தோல் எவ்வாறு வேகிறது, எவ்வாறு கறுக்கிறது என்று பார்த்து அதனை வகுத்தார். முதலில் அவர் வகுத்தவை 4. நான்கும் வெள்ளைத் தோலின் வகைகள். மாநிறத்தோர்க்கும் கறுப்புநிறத்தோர்க்கும் உரிய இரு வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. உலக மக்களிற் பெரும்பாலோர் பட்டியலின் கடைசியில் நுழைந்தனர்! கறுத்த தோலில் நிறம் செய்யும் அணுக்கள் எண்ணிக்கையில் மிகுதி அல்ல. ஆனால் ஊக்கத்தில் மிகுதி. புண்பட்டால் அவை சினந்தெழுந்து நிறத்தை வாரி இறைக்கும். ஆகவே வெள்ளையர் முகத்தில் சிவந்து ஆறும் ஒரு சூடு, தமிழர் முகத்தில் பல மாதம் மாறாத கரும்படையாகக் கூடும். தேர்ந்த தோல் வைத்தியர் இதனை அறிந்து, நம்மவர்க்கு மென்மையான அளவில், நாள் இடைவிட்டு, முன்னரே வெயில் காப்புச் செய்து சிகிச்சை அளிக்கின்றனர். இதனை அறியாதவர் கையில் அதே அமிலம் நெருப்பாகும். அப்பெண்ணின் கன்னம் கறுத்ததற்கு இதுவே காரணம்.

சிறுநீரைச் சோதித்தது ஏன்? வெள்ளை நிறம் தருவதாகக் கூறும் மறைவுக் களிம்புகள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். சிறிது காலம் முகம் வெளுக்கும். பின்னர் அது தோல்வழி இரத்தத்திற் சென்று சிறுநீரகத்தைப் பற்றும். 2023-இல் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரக நோயுற்று வந்தோர் பலர் இத்தகைய களிம்பு பூசியவர்கள் என்பதை வைத்தியர்கள் கண்டறிந்தனர். பாதரசத்தின் கொடுமையை உலகம் ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956-இலேயே கண்டது. அவ்வூர்ப் பெயரால் 2013-இல் எழுந்த உடன்படிக்கை, பாதரசம் கலந்த ஒப்பனைப் பொருள்களை விலக்குகிறது. நம் மலேசியாவிலும் அவற்றிற்குத் தடை உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் முதலியன களவாகக் கலந்த களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. பின்னவை இரண்டும் மருந்தே; ஆனால் வைத்தியர் எழுதிக் கொடுத்துப் பூசவேண்டியவை. சட்டப்படி விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு என்.ஓ.டி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. அவ்வெண் இல்லாத குப்பி வீட்டுக்கு ஆகாது. அன்று நான் தேடாத எண் அதுதான்.

இவ்வளவும் அறிந்தபின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அப்பெண் ஏன் பூசினாள்? மணமகன் வீட்டார் "பெண் கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதனால் பூசினாள். அச்சொல்லைச் சொன்னவர் மணமகனின் தாயார், அவரும் கறுப்பே! "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி பேசும் நாம், பெண் பார்க்கும் நாளில் அதனை மறந்துவிடுகின்றோம். 1975-இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பு கடைக்கு வந்தது. 2009-இல் சென்னையில் கறுப்பும் அழகே என்னும் இயக்கம் தோன்றிற்று. 2020-இல் அக்களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் எடுக்கப்பட்டது. குப்பியின்மேல் எழுதிய சொல் மாறிற்று. மணப்பந்தலில் பேசும் சொல் மாறிற்றா? தோலுக்கு நிறம் இயற்கை தந்தது. நிறத்திற்கு உயர்வு தாழ்வு நாம் தந்தது. சாதி ஒழியவேண்டும் என்று மேடையிற் பேசிவிட்டு, வீட்டில் நிறம் பார்த்துப் பெண் எடுப்பவன் சீர்திருத்தக்காரன் ஆவானா?

தோல் புதுப்பிக்கும் சிகிச்சை முழுதும் தீது என்று யான் கூறவில்லை. பருவடு ஆழப் பதிந்த இளைஞன், தீக்காயத் தழும்பால் மணவீட்டுக்குப் போகக் கூசும் பெண், இவர்கள் தகுதிபெற்ற வைத்தியரிடம் சென்று நலம் பெறுதல் அவர்கள் உரிமை. முகத்தைப் பற்றிய கவலை அற்பமானது என்று நகைப்பவன், தன் முகத்தைக் கண்ணாடியில் பாராதவனாக இருக்கவேண்டும். ஆனால் கொடுப்பவர் யார், குப்பியில் உள்ளது என்ன, உரிக்க வேண்டும் என்று நமக்குச் சொன்னது நோயா, ஊரார் வாயா என்னும் வினாக்களைக் கேளாது தோலை எவர் கையிலும் கொடுத்தல் ஆகாது.

மலையில் வாழும் நமக்கு இன்னும் ஒன்று. 1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கியதற்குப் பின், காடு வெட்டித் தேயிலை நட்டவர்களுள் நம் மூதாதையர் பலர். இன்று வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்து வெட்ட வந்துவிட்டனர். எஞ்சிய தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. குளிர்ந்த ஊர், வெயில் என்ன செய்யும் என்று எல்லாரும் எண்ணுகின்றோம். ஆனால் 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் 10 விழுக்காட்டிற்கு மேல் கூடுகிறது. தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கும் மேலே உள்ளது. மெல்லிய மேகத்தையும் அக்கதிர் ஊடுருவும். மங்கும் சுருக்கமும் பெரிதும் அதன் வேலையே. நம் பாட்டியர் தலையிற் கட்டிய துண்டும், கைமூடிய பழஞ்சட்டையும் எத்தனையோ களிம்புகளை வென்ற காப்பு. இளம்பெண்கள் அதனை லயத்துக்கோலம் என்று வெட்கப்பட்டு விலக்குகிறார்கள். விலக்கவேண்டியது வெட்கத்தை. அகன்ற தொப்பியும் வெயில் காப்புக் களிம்பும் வேலையாட்களுக்குக் கையுறைபோலத் தரப்படவேண்டும் என்று தோட்ட நிர்வாகங்களைக் கேட்பதும் நம் கடமை.

அப்பெண்ணுக்குச் சிறுநீரகம் பழுதுறவில்லை. முகத்துக் கருமை மெல்ல மெல்ல மங்கி வருகிறது. இடக்கன்னத்தில் மட்டும் ஒரு சுவடு நிற்கிறது. திருமணம் குறித்த நாளில் நடந்தது. வந்த மணமகன், "முகத்தைப் பார்த்து வரவில்லை, மனிதரைப் பார்த்து வந்தேன்" என்றான் என்று கேள்விப்பட்டேன். நான் அவளிடம் சென்று, "அன்று பாராமற் சொன்னது என் தவறு அம்மா" என்றேன். "பரவாயில்லைங்க ஐயா, இனிமே பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

இப்போது மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று பெரட்டுக்களத்தில், வீட்டிலுள்ள குப்பிகளைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாய்ப் படித்துக் காட்டுகின்றேன். எண் இல்லாதவை ஒரு பெட்டியில் சேர்கின்றன. சென்ற மாதம் பெட்டியில் விழுந்தவை 11. டவுனிலும் தோட்டத்திலும் எழுத்தறிந்த தோழர் ஒவ்வொருவரும் இவ்வளவேனும் செய்வார்களாக.